எவ்வளவு வெளிச்சம் போதும்? சுவருக்குள் வளரும் கஞ்சாவும் ஒளியின் கணக்கும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரி 1 அன்று கஞ்சா சட்டப்படி கடைக்கு வந்தது. கனடாவில் 2018 அக்டோபர் 17 அன்று வந்தது. அதுவரை நிலவறையிலும் பூட்டிய கிடங்கிலும் நடந்த சாகுபடி உரிமம் பெற்று வெளியே வந்தது. ஆனால் செடி வெளியே வரவில்லை. போலீஸ் கண்ணில் படாமல் இருக்க வெயிலை விட்டுச் சுவருக்குள் போன பயிர், ஒளிய வேண்டிய தேவை தீர்ந்த பிறகும் பெருமளவு சுவருக்குள்ளேயே தங்கிவிட்டது. காரணங்கள் உண்டு. ஆண்டு முழுவதும் அறுவடை கிடைக்கிறது. மழை தொல்லை தருவதில்லை. ஒவ்வொரு அறுவடையும் ஒரே தரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் இன்னொரு காரணமும் உண்டு. ஒன்றிய அரசின் தடை நீடிப்பதால் ஒரு மாநிலத்தின் கஞ்சா இன்னொரு மாநிலத்துக்குப் போக முடியாது. வெயில் கொட்டும் கலிபோர்னியாவிலிருந்து சரக்கு வராததால், பனி பெய்யும் மாசசூசெட்சு தன் தேவைக்குத் தானே விளைவித்துக்கொள்ள வேண்டும். அங்கே விளக்கில்லாமல் குளிர்காலச் சாகுபடி இல்லை.

விளக்கென்றால் எவ்வளவு வெளிச்சம்? பல ஆண்டுகளாகத் தாவரவியலாளர்களும் மின்சார ஆய்வாளர்களும் அரசுகளும் தனித்தனியே இந்தக் கேள்விக்கு விடை தேடிவருகிறார்கள். மூவரின் விடையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பொருந்தாததற்குக் காரணம் செடியிடம் இல்லை, கேள்வி கேட்கப்படும் இடத்தில் இருக்கிறது என்பது என் முடிவு. அதைச் சொல்ல முதலில் அளவுகோலைப் பார்க்க வேண்டும்.

நம் கண் வெளிச்சத்தை அளக்கத் தகுந்த கருவி அல்ல. இருட்டிலும் வெயிலிலும் பாவை விரிந்து சுருங்கி எல்லாவற்றையும் ஏறத்தாழச் சமமாகக் காட்டிவிடுகிறது. கண்ணை அடிப்படையாக வைத்துப் பிறந்த லக்ஸ் அளவும் செடிக்கு உதவாது. மனிதக் கண் பச்சை நிறத்தை, சரியாகச் சொன்னால் 555 நானோமீட்டர் அலைநீளத்தை, மிக நன்றாக உணர்கிறது. லக்ஸ் மீட்டர் அதற்கேற்பவே எடை போடுகிறது. வெயிலில் 50,000 லக்ஸ் என்றால் அதில் செடிக்குப் பயன்படும் ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்குச் சுமார் 925 மைக்ரோமோல். மஞ்சள் சோடியம் விளக்கின் கீழே அதே 50,000 லக்ஸ் சுமார் 610 மைக்ரோமோல்தான் தரும். மீட்டர் ஒரே எண்ணைக் காட்டும். செடிக்குக் கிடைக்கும் உணவோ மூன்றில் ஒரு பங்கு குறையும்.

இந்தக் குழப்பத்துக்கு வழி காட்டியவர் பயிர் ஆய்வாளர் கீத் மெக்ரீ. 22 பயிர்களின் இலைகளை ஒவ்வொரு நிற ஒளியிலும் வைத்து, எந்த நிறம் எவ்வளவு ஒளிச்சேர்க்கையைத் தருகிறது என்று அளந்து 1972இல் வெளியிட்டார். 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களை எண்ணினால் போதும் என்ற இன்றைய வழக்கம் அந்த அளவீடுகளின் மேல் நிற்கிறது. அவர் வரைந்த வளைகோடு இன்னொன்றையும் காட்டியது: பச்சை ஒளியும் இலைக்கு உணவாகிறது. இருந்தும் எல்.இ.டி. விளக்குகளின் தொடக்க காலத்தில் சிவப்பும் நீலமும் மட்டும் கொண்ட ஊதா விளக்குகளே சந்தையை நிரப்பின. இலையிலிருந்து பிரித்தெடுத்த பச்சையம் சோதனைக் குழாயில் எந்த நிறங்களை உறிஞ்சுகிறது என்பதைப் பார்த்து, முழு இலையும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டதன் விளைவு அது. இப்போது வெள்ளை எல்.இ.டி.யோடு சிவப்பைச் சேர்ப்பது பரவலாகிவிட்டது. ஊதா அறையில் மஞ்சளான இலையும் நோய்கண்ட இலையும் வேலையாளின் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம்.

செயற்கை ஒளியில் செடி வளர்க்கும் முயற்சி புதிதல்ல. பொறியாளர் வில்லியம் சீமன்ஸ் 1880இல் இங்கிலாந்தில் தன் தோட்டத்துச் செடிகளுக்கு மின்வில் விளக்கு வைத்துப் பார்த்து அதை ராயல் சொசைட்டியில் தெரிவித்தார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லிபர்ட்டி ஹைட் பெய்லி 1891இல் கீரைவகைகளில் சோதித்தார். திறந்த மின்வில் இலையைக் கருக்கியது, கண்ணாடி மூடி போட்டால் கருகவில்லை என்பதை இருவரும் கண்டார்கள். வெளிச்சம் கூடினால் நன்மை, ஒரு கட்டத்துக்கு மேல் தீமை என்ற எண்ணம் அப்போதே பதிந்துவிட்டது.

அந்தக் கட்டம் எது என்பதில்தான் கஞ்சா எல்லோரையும் வியக்கவைத்தது.

அமெரிக்க அரசின் ஆய்வுத் தேவைக்காக 1968 முதல் கஞ்சா வளர்த்துவரும் இடம் மிசிசிப்பி பல்கலைக்கழகம். அங்கே சுமன் சந்திரா, ஹேமந்த் லதா, மஹ்மூத் எல்சோலி உள்ளிட்ட குழு 2008இல் ஒற்றை இலையின் ஒளிச்சேர்க்கையை அளந்து வெளியிட்டது. 25 முதல் 30 டிகிரி வெப்பநிலையில் 1500 மைக்ரோமோல் வரை இலை ஒளியை ஏற்றுக்கொண்டே போனது. நடுப்பகல் முழு வெயில் ஏறத்தாழ 2000 மைக்ரோமோல். நன்றாக வெயில் காயும் தமிழ்நாட்டு நாள் ஒன்றில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 40 மோல் ஒளித்துகள்கள் விழும். 1000 மைக்ரோமோல் விளக்கைப் பன்னிரண்டு மணி நேரம் எரித்தால் 43 மோல் சேரும். அதாவது நம் ஊர் வெயில் நாள் ஒன்றை அந்த அறைகள் தினமும் கூரைக்கடியில் உண்டாக்குகின்றன.

ஒற்றை இலையைக் கொண்டு முழுச்செடியை எடைபோட முடியாது. உச்சி இலை நிறைந்துவிட்டாலும், அதன் நிழலில் கிடக்கும் கீழ் இலைகள் பசியோடுதான் இருக்கின்றன. வெளிச்சத்தைக் கூட்டினால் அந்த உபரி கீழே இறங்குகிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ரோட்ரிகஸ்-மாரிசன், லூவெலின், யூபின் ஷெங் ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. 120 முதல் 1800 மைக்ரோமோல் வரை வெவ்வேறு செறிவில் ஒரே ரகச் செடிகளை வளர்த்தார்கள். இலையின் ஒளிச்சேர்க்கை இடையிலேயே தளர்ந்தது. ஆனால் உலர்ந்த பூவின் எடை 1800 வரையிலும் நேர்கோட்டில் ஏறியது. வெளிச்சம் பதினைந்து மடங்கு, விளைச்சல் நான்கரை மடங்கு. பூவில் இருந்த போதைப்பொருளின் செறிவில் மட்டும் மாற்றம் இல்லை.

விளைச்சலின் கோடு ஒரு கட்டத்தில் வளையும், வளையும் இடத்தில் விளக்கைக் குறைக்கலாம் என்று காத்திருந்தவர்களுக்கு இந்த நேர்கோடு ஏமாற்றம் தந்தது. எனக்கு இது ஆச்சரியம் தரவில்லை. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பக்பியும் ஃபிராங்க் சாலிஸ்பரியும் 1988இலேயே கோதுமைக்கு நாளொன்றுக்கு 20 மணி நேரம், 2000 மைக்ரோமோலையும் தாண்டிக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். தண்ணீர், உரம், கரியமில வாயு எதிலும் குறை வைக்காதபோது அங்கும் விளைச்சல் ஏறிக்கொண்டே போனது. தாவரவியலாளர் எஃப். எஃப். பிளாக்மன் 1905இல் சொன்ன விதி இதுதான்: எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே வேகத்தைத் தீர்மானிக்கும். மற்ற எல்லாம் நிறைவாக இருந்தால் ஒளியே எல்லை. ஒளியை மட்டும் கூட்டி மற்றவற்றை அப்படியே விட்டால் எல்லை வேறெங்கோ நகர்ந்துவிடும். மிசிசிப்பி ஆய்வில் கரியமில வாயுவை இன்றைய காற்றில் இருப்பதைவிட மிகக் கூட்டி, 750 பி.பி.எம். ஆக்கியபோது ஒளிச்சேர்க்கை பாதியளவு உயர்ந்தது. அடைத்த அறையில் வாயுவைச் சேர்க்காமல் விளக்கை மட்டும் கூட்டினால் காசு மின்சாரமாகப் போய் வெப்பமாக முடியும்.

அளவு மிஞ்சினால் செடியும் தற்காத்துக்கொள்ளும். உள்ளே வந்த ஒளியை ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்த முடியாதபோது இலை அதை வெப்பமாக வெளியேற்றும். அதுவும் போதாதபோது ஒளிச்சேர்க்கைப் புரதங்கள் சிதையத் தொடங்கும். விளக்குக்கு மிக அருகில் உள்ள பூமுனைகள் வெளுப்பதை வளர்ப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள். நறுக்கி நட்ட தண்டு வேர்விடும் நிலையில் மிகக் குறைந்த ஒளியையே தாங்கும். பூக்கும் நிலையில் அதன் பல மடங்கு கேட்கும். ஒரே செடிக்கு ஒரே எண் என்று எதையும் சொல்ல முடியாததற்கு இதுவும் காரணம்.

கஞ்சாவுக்கு இன்னொரு நெருக்கடி உண்டு. மின்கட்டணத்தின் பெரும்பகுதிக்கு அதுவே வேர். இது குறும்பகல் செடி. இரவு நீளும்போதுதான் பூக்கும். பகலை 18 மணி நேரமாக வைத்தால் தழைத்துக்கொண்டே இருக்கும். 12 மணி நேரமாகக் குறைத்தால் பூவுக்குத் திரும்பும். ஆகவே பூக்கும் காலம் முழுவதும் நாளின் பாதி இருட்டாகவே இருக்க வேண்டும். லெட்யூஸ் கீரைக்கு மெல்லிய விளக்கை 16, 18 மணி நேரம் எரித்து அதே ஒளியைச் சேர்த்துவிடலாம். கஞ்சாவுக்கு அந்த வசதி இல்லை. நாள் முழுவதற்குமான உணவையும் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் திணிக்க வேண்டும். அதனால் விளக்கு வலுவாக வேண்டியிருக்கிறது, விளக்கு வலுவாகும்போது குளிர்சாதனமும் வலுவாக வேண்டியிருக்கிறது.

ஒளி செடிக்கு இரண்டு வேலை செய்கிறது, ஒன்று உணவு, இன்னொன்று செய்தி. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இரவில் போகிறவர்கள் சாமந்தி வயல்களில் வரிசையாகப் பல்புகள் எரிவதைப் பார்த்திருப்பார்கள். சாமந்தியும் குறும்பகல் செடிதான். இரவை உடைத்துப் பூப்பதைத் தள்ளிப்போட்டு, செடியை வளரவிட்டு, விலை கிடைக்கும் நாளுக்குப் பூவைக் கொண்டுவருவது அந்த விவசாயிகளின் திறமை. அதற்கு உணவாகும் அளவு ஒளி தேவையில்லை. செய்தி போய்ச் சேர மிகச் சிறிய வெளிச்சம் போதும். அதே உணர்திறன் கஞ்சா அறையில் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. கதவிடுக்கில் கசியும் வெளிச்சமும் இருட்டைக் கெடுக்கலாம். இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துப் பார்த்ததால் கிடைத்த பயனுள்ள கண்டுபிடிப்பு ஒன்று குவெல்ஃபில் இருந்தே வந்தது. பன்னிரண்டு மணி நேரம் என்பது வேதவாக்கு அல்ல, பல ரகங்கள் 13 மணி நேரப் பகலிலும் பூக்கின்றன, விளைச்சலும் கூடுகிறது என்று 2023இலும் 2024இலும் வெளிவந்த ஆய்வுகளில் காட்டினார்கள். விளக்கை வலுவாக்காமலே ஒரு மணி நேரத்துக்கான ஒளி கூடுதலாகக் கிடைக்கிறது. இதற்குப் புது விளக்கு வாங்க வேண்டாம், நேரத்தை மாற்றிவைத்தால் போதும். இத்தகைய ஆய்வுகளுக்குக் கிடைக்கும் கவனம் புதிய விளக்குகளின் விளம்பரத்துக்குக் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் எவ்வளவோ மின்சாரம் மிஞ்சும்.

புற ஊதா ஒளியின் கதை இதற்கு நேரெதிர். மேரிலாந்தில் 1987இல் நடந்த ஒரு பசுமைக்குடில் ஆய்வு, புற ஊதா-பி ஒளியில் போதைப்பொருளின் செறிவு கூடுவதாகச் சொன்னது. அந்த ஒரு முடிவை வைத்துப் பல ஆண்டுகள் புற ஊதா விளக்குகள் விற்பனையாயின. குவெல்ஃப் குழு இன்றைய ரகங்களில் மறுபடி சோதித்தபோது பயன் எதுவும் தெரியவில்லை; இலைகளில் சேதம்தான் கண்டது. வேலையாட்களின் கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கு செய்யும் ஒரு விளக்கை, ஒற்றை ஆய்வை நம்பி இத்தனை காலம் வாங்கியிருக்கக் கூடாது.

இனி மின்சாரம். லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் பணியாற்றிய எவன் மில்ஸ் 2012இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையையே உலுக்கியது. அமெரிக்காவின் மொத்த மின்நுகர்வில் சுமார் 1 சதவீதம், ஆண்டுக்கு 600 கோடி டாலர், உள்ளறைக் கஞ்சாவுக்குப் போகிறது என்று அவர் கணித்தார். ஒரு கிலோ சரக்குக்கு 4600 கிலோ கரியமில வாயு. பெரும்பகுதி சட்டத்துக்கு வெளியே நடந்த தொழிலை எண்ணிய மதிப்பீடு என்பதால் அந்த ஒரு சதவீதத்தைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் 2021இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் ஊர்வாரியாகக் கணக்கிட்டபோதும் ஒரு கிலோவுக்கு 2283 முதல் 5184 கிலோ வரை வந்தது. இரண்டு வழியில் எண்ணியும் விடை அதே வட்டாரத்தில் விழுகிறது. ஊருக்கு ஊர் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுவதற்குக் காரணம், அங்கங்கே மின்சாரம் எதில் பிறக்கிறது என்பதும், வெளியே எவ்வளவு குளிர், எவ்வளவு புழுக்கம் என்பதும்.

விளக்கில் செலவாகும் மின்சாரம் விளக்கோடு முடிவதில்லை. அறைக்குள் வந்த ஒவ்வொரு யூனிட்டும் கடைசியில் வெப்பமாகிறது. செடி ஒளியை வாங்கி வியர்க்கிறது. அந்த ஈரமும் காற்றில் நிற்கிறது. வெப்பத்தை எடுக்க ஒரு இயந்திரம், ஈரத்தை எடுக்க இன்னொன்று. கொலராடோ ஆய்வில் குளிர்சாதனமும் காற்றோட்டமும் விளக்குக்குச் சமமான பெரும் செலவாக நின்றன. விளக்கைப் பத்து சதவீதம் தணித்தால் இந்த இயந்திரங்களின் சுமையும் சேர்ந்து குறைகிறது.

நானே ஒரு சிறு கணக்குப் போட்டேன். 1000 மைக்ரோமோல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜூல் மின்சாரத்துக்கு 1.7 மைக்ரோமோல் தரும் நல்ல சோடியம் விளக்கு, சிதறல் எதையும் கழிக்காமலே, சதுர மீட்டருக்கு 588 வாட் இழுக்கும். 2.8 தரும் எல்.இ.டி. 357 வாட்டில் முடித்துவிடும். எல்.இ.டி.யிலேயே பன்னிரண்டு மணி நேரத்துக்கு 4.3 யூனிட், அறுபது நாள் பூக்கும் காலத்துக்கு சுமார் 257 யூனிட். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறோம். இரண்டரை வீட்டின் இலவச மின்சாரத்தை ஒரு சதுர மீட்டர் செடி வாங்கிக்கொள்கிறது, குளிர்சாதனத்தைக் கணக்கில் எடுக்காமலே.

அரசுகள் தலையிட்டது இந்த இடத்தில்தான். மாசசூசெட்சு, பெரிய வளர்ப்பகங்களுக்குச் சதுர அடிக்கு 36 வாட், சிறியவற்றுக்கு 50 வாட் என்று வரம்பு போட்டது. கொலராடோவின் போல்டர் மாவட்டம் யூனிட்டுக்கு 2.16 சென்ட் ஈட்டுக் கட்டணம் வசூலித்தது. கலிபோர்னியா வேறு வழியில் போனது. வாட்டை விட்டுவிட்டு, 2023 முதல் புதிதாக அமைக்கும் பெரிய உள்ளறை வளர்ப்பகங்களின் விளக்கு ஒரு ஜூலுக்குக் குறைந்தது 1.9 மைக்ரோமோல் தர வேண்டும் என்று விதித்தது.

மூன்றில் எது சரி? 36 வாட் என்பதைச் சதுர மீட்டருக்கு மாற்றினால் 387 வாட். சோடியம் விளக்கு வைத்திருப்பவருக்கு அது 660 மைக்ரோமோலோடு நிற்கும். எல்.இ.டி. வைத்திருப்பவர் 1080 வரை போகலாம். ஆக, வெளிச்சத்தைக் குறைக்காமலே விளக்கை மாற்ற வைத்த விதி அது, நல்ல விதி. கலிபோர்னியாவின் விதி விளக்கின் திறனை உயர்த்துகிறது, ஆனால் எத்தனை விளக்கு மாட்டலாம் என்று கேட்பதில்லை. குவெல்ஃபின் நேர்கோடு உண்மையென்றால், திறன் கூடிய விளக்கு கிடைத்தவர் மிச்சமான மின்சாரத்தையும் வெளிச்சமாக்கி விளைச்சலைக் கூட்டுவார். செடி போதும் என்று சொல்லாத இடத்தில் திறன் மட்டும் சேமிப்பைத் தராது. வரம்பும் கட்டணமும் சேர்ந்தால்தான் தரும் என்பது என் நிலை. போல்டரின் கட்டணத்தை நான் மூன்றிலும் மேலாகக் கருதுவது, அது எரிந்த யூனிட்டை எண்ணுகிறது, மாட்டிய விளக்கை அல்ல என்பதால்.

அறைக்குள் செறிவை ஆளும் கலையும் பெரும்பாலும் தணிப்பதில்தான் இருக்கிறது. இன்றைய எல்.இ.டி.களில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் உண்டு. வளர்ச்சிக் கட்டத்துக்கு ஏற்ப நகர்த்தலாம். வரிசையாக விளக்குகள் தொங்கும், வெள்ளைச் சுவர் உள்ள அறையில் விளக்கை உயர்த்தினால் வெளிச்சம் தூரத்தின் இருமடிப் பங்கில் குறைந்துவிடும் என்பதும் பரவலான பிழை. அந்த விதி ஒற்றைப் புள்ளி விளக்குக்கு உரியது. பல விளக்குகள் உள்ள அறையில் உயர்த்தினால் நடுவில் கொஞ்சம் குறையும், ஓரத்துக்குக் கொஞ்சம் பரவும், சமநிலை கூடும். நடுவில் 1200, மூலையில் 500 என்று இருக்கும் அறையின் சராசரி அழகாகத் தெரியலாம். ஆனால் மூலைச் செடிகள் மெலிந்திருக்கும். எனவே பல இடங்களில், செடியின் உச்சி மட்டத்தில், ஒளித்துகள் எண்ணும் மீட்டரால் அளப்பதற்கு மாற்றே இல்லை. சோடியத்திலிருந்து எல்.இ.டி.க்கு மாறியவர்கள் சந்திக்கும் இன்னொரு சிக்கல், புது விளக்கு அகச்சிவப்பை அவ்வளவாக வீசாததால் இலை குளிர்ந்துவிடுவது. அறையின் வெப்பநிலையை இரண்டொரு டிகிரி உயர்த்தாவிட்டால் கூடுதல் வெளிச்சத்தைச் செடி பயன்படுத்திக்கொள்ளாது.

இந்தச் செலவைக் கஞ்சா தாங்குவது அதன் விலையால். கீரை தாங்கவில்லை. கோடிக்கணக்கான டாலர் முதலீட்டில் எழுந்த செங்குத்துப் பண்ணைகளில் ஏரோஃபார்ம்ஸ் 2023இலும், பிளென்டி 2025இலும் திவால் பாதுகாப்பு கேட்டன. பவரி 2024இல் மூடியது. மின்கட்டணம் மட்டுமே காரணம் அல்ல, ஆனால் அது எப்போதும் பாரமாக இருந்தது. பத்து அடுக்கில் விளக்கின் கீழ் கோதுமை விளைவித்தால் உலகச் சராசரியைப் போல 220 முதல் 600 மடங்கு கிடைக்கும் என்று 2020இல் ஒரு ஆய்வு காட்டியது. அதே ஆய்வு, கோதுமையின் விலை அந்த மின்சாரத்துக்கு ஈடுகொடுக்காது என்றும் சொன்னது. சட்டக் கஞ்சாவின் விலையும் பல மாநிலங்களில் இறங்கிக்கொண்டிருக்கிறது. விலை இறங்க இறங்க, 1800 மைக்ரோமோல் வரை போகலாம் என்ற தாவரவியல் விடை, எங்கே நிறுத்துவது என்ற வணிக விடைக்கு வழிவிடும்.

நடுவழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கனடாவின் ஒண்டாரியோவில் லீமிங்டன் வட்டாரத்தின் தக்காளிப் பசுமைக்குடில்கள் சில கஞ்சாவுக்கு மாறின. அங்கே கண்ணாடிக் கூரை வழியே வெயில் வருகிறது, குறைவதை மட்டும் விளக்கு நிரப்புகிறது. இரவில் கூரை வழியே வெளியேறிய ஒளி வானத்தையே நிறம் மாற்றியதால் லீமிங்டனும் கிங்ஸ்வில்லும் திரை போடச் சொல்லி விதி இயற்ற வேண்டிவந்தது. அது தீர்க்கக்கூடிய குறை. சுவரும் கூரையும் மூடிய கிடங்கில் வெயிலே இல்லாததற்குத் தீர்வு இல்லை.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் உரிமமில்லாமல் இந்தச் செடியை வளர்ப்பது குற்றம். 2018இல் உத்தரகண்ட் தொழில்துறை நாருக்கான சணற்கஞ்சாவுக்கு உரிமம் தந்தது. ஜம்முவில் மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனம் மருந்துக்காக வளர்த்து ஆராய்கிறது. நாளை மருத்துவச் சாகுபடிக்கு விரிவான விதிகள் எழுதப்படுமானால், போதைப்பொருளின் சதவீதத்தையும் வேலியின் உயரத்தையும் எழுதும் அதிகாரிகள் சதுர மீட்டருக்கு எத்தனை வாட், கிலோவுக்கு எத்தனை யூனிட் என்ற இரண்டு வரிகளையும் சேர்க்க வேண்டும். நிலக்கரியில் பெரும்பகுதி மின்சாரம் எடுக்கும் நாடு இது. ஆண்டில் பெரும்பாலான நாள் வெயில் காயும் நாடும் இதுவே. கண்ணாடிக் கூரையோ வலைக்குடிலோ போதுமான இடத்தில் மூடிய கிடங்குக்கு உரிமம் கேட்டு வருகிற நிறுவனம், ஏன் வெயில் வேண்டாம் என்று எழுத்தில் விளக்கட்டும். அந்த விளக்கத்தை அறுவடையின் தரத்தோடும் மின்கட்டண ரசீதோடும் ஒப்பிட்டுப் பார்த்து உரிமம் தரலாம், மறுக்கலாம்.